வலிக்காத கால்

சந்தியா நர்சிங் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. பழவேற்காட்டைத் தாண்டி இருக்கும் அவர்களுடைய குப்பத்தில் நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் அவள்தான். இன்னும் மூன்றாம் வருஷம்தான் படிக்கிறேன், ஊசி போடுவதென்றால் பக்கத்தில் மேடம் நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். யார் காதில் ஏறுகிறது? ஹாஸ்டலிலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் வாசலில் ஆள் நிற்கும். பக்கத்து வீட்டுச் செல்வம்மாளுக்கு முட்டிவலி, அவள் மருமகனுக்குக் காதில் இரைச்சல். இன்னொருவர் எந்தக் காலத்திலோ எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து சூரியனுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பார்த்துச் சொல் என்பார். டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் முகம் சுருங்கிவிடும். இதுகூடத் தெரியாதென்றால் அந்த வெள்ளை உடுப்பு எதற்கு என்று செல்வம்மாள் நேராகவே கேட்டிருக்கிறாள்.

கல்லூரியில் நேர்மாறு. அங்கே தெரிந்ததும் தெரியாததாகிவிடும். நோயாளி தண்ணீர் கேட்டுக் கொடுத்தால், ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று திட்டு. கொடுக்காவிட்டால், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காத நீயெல்லாம் நர்ஸா என்று திட்டு. கட்டில் விரிப்பின் மூலை சரியாக மடியாததற்கு ஒரு திட்டு. இத்தனைக்கும் மேல் பூதம் மாதிரி தலையில் உட்கார்ந்திருந்தது வருகைப் பதிவு. போன வருஷக் கடைசியில் அவளுக்கு அம்மை போட்டது. உடம்பு தேறியும் அவள் அம்மா கோவிந்தம்மா விடவில்லை. மூன்று தண்ணீர் ஊற்றி, அம்மனுக்குக் கூழ் வார்த்த பிறகுதான் வாசல்படி தாண்ட விட்டாள். அத்தனை நாளும் ஆப்சென்ட். வார்டு வேலைக்கு இனி ஒரு நாள் வராவிட்டாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது, அடுத்த வருஷம் ஜூனியர்களோடு சேர்ந்து எழுது என்று மாலதி மேடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பா சகாதேவன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களிடம் பெருமையாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஏரியில் இறங்கி வலையை உதறும்போது கெளுத்தி முள் காலில் ஏறிவிட்டதாம். கெளுத்தி குத்தினால் எப்பேர்ப்பட்ட ஆம்பிளையும் சுருண்டு விழுந்து கத்துவான். சகாதேவனோ எறும்பு கடித்த மாதிரி முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்ச வலையையும் உதறிவிட்டுத்தான் கரையேறினாராம். நின்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சந்தியா பையை அப்படியே போட்டுவிட்டு அவர்களை விலக்கிக்கொண்டு போனாள். குனிந்து காலைப் பார்த்தாள். முள் குத்தின இடம் கட்டைவிரலுக்கு அடியில் சிறியதாகத்தான் இருந்தது. அதைச் சுற்றிப் பாதமே கொப்புளம் கொப்புளமாக வெந்து, கட்டைவிரல் நுனி கறுத்திருந்தது.

இது எப்படி ஆனது என்று கேட்டால் கோவிந்தம்மா சாவகாசமாகச் சொன்னாள். கெளுத்தி குத்தினால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது வழக்கம்தானே. கொடுத்தாளாம். சுடவே இல்லை என்றாராம் மனுஷன். சரியென்று இன்னும் வறுத்தாளாம். அப்போதும் சுடவில்லையாம். சட்டி சிவக்கச் சிவக்க வறுத்து வைத்தாளாம்.

"ரெண்டு பேருமா சேந்து காலையே வறுத்து வச்சிருக்கீங்க," என்றாள் சந்தியா. "வலிக்காம இருக்கிறதுதாம்மா வியாதி."

அவருக்குச் சர்க்கரை இருக்கிறதென்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முகாமில் சொன்னார்கள். மாத்திரையும் கொடுத்தார்கள். தீரும்வரை சாப்பிட்டார். தீர்ந்தவுடன் வியாதியும் தீர்ந்துவிட்டதென்று விட்டுவிட்டார். மீன் தின்கிறவனுக்கு ஏது சர்க்கரை என்பது அவருடைய கட்சி. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவள் கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். ஊரில் எல்லாருடைய நோயையும் அவள் பார்க்க வேண்டும், சொந்த அப்பா நோயை மட்டும் பார்க்கக் கூடாது.

இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றாள். திங்கட்கிழமை என்னுடைய பாடு, அது முடிந்து பார்க்கலாம் என்றார். ஏரியில் இறால் விழும் இடங்களில் வலை போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. அதைத்தான் பாடு என்பார்கள். முறை வந்த அன்று இறங்காதவனுக்கு அது போனதுதான், சுற்றி வர நாளாகும். சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் தள்ளிக் கொடுப்பார்கள். நோய்க்குக் கிடையாது. நோய் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா? மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அந்தக் காலோடு உப்புச் சேற்றில் இறங்கினால் பாதம் தங்காது, சில சமயம் முழங்கால்கூடத் தங்காது. அப்படிப்பட்ட கால்களுக்கு வார்டில் அவள் கட்டுப் போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் பாடு உள்ள குடும்பத்து ஆண்களின் கூட்டம். பெண்கள் போகிற இடமில்லை. சந்தியா போனாள். அப்பாவின் முறையைத் தள்ளிக் கொடுங்கள் என்று தலைவர் லோகநாதனிடம் கேட்டாள். அவர் கெட்ட மனுஷன் இல்லை. முறை தெரிந்தவர், அவ்வளவுதான். அவளைக் கேட்காமல் அவள் அப்பாவைக் கேட்டார்.

"கால் வலிக்குதா சகாதேவா?"

"வலியா? ஒண்ணும் கெடையாது தலைவரே. நல்லாத்தான் கீது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமாகக் கிடந்த பழைய வலையிலிருந்து நைலான் இழை ஒன்றை இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கக் கல்லூரியில் கொடுப்பதும் நைலான் இழைதான். அது பெட்டியில் வரும், இது மீன் வாடையோடு வந்தது, அதுதான் வித்தியாசம். அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னாள். நான் தொடும்போதெல்லாம் சொல்லு நைனா என்றாள். ஊர் முன்னால் மகளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று அவரும் மூடிக்கொண்டார்.

குதிகாலில் வைத்து இழை வளையும் வரை அழுத்தினாள். நடுப்பாதத்தில் அழுத்தினாள். விரல்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். கொப்புளமில்லாத மற்ற காலிலும் அதேபோல் செய்தாள். கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. கண்ணை மூடியபடியே சகாதேவன் சலித்துக்கொண்டார்.

"எப்பதாம்மா தொடப் போற?"

லோகநாதன் தன் கால்களை மெதுவாக வேட்டிக்குள் இழுத்துக்கொண்டதை சந்தியா பார்த்தாள். பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்குச் செய்வதுபோல சகாதேவன் முறையையும் தள்ளிக் கொடுக்கலாம் என்றார். யாரும் மறுக்கவில்லை. ஜெயித்த மாதிரி அவளுக்கு இல்லை. நட்ட நடுத்தெருவில் அப்பாவின் வேட்டியை உருவிய மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் உசுரோட கீறச்சயே என்னைச் சாவு வூட்டுக் கணக்குல சேத்துட்ட இல்ல?" அதற்கப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார். அப்போதே கிளம்பச் சொன்னதும் காதில் விழவில்லை.

மறுநாள் விடிந்ததும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவரை ஏற்றிக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்தாள். கூடையில் இருந்த மீனை விற்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாகக் கோவிந்தம்மா சொல்லியிருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். சந்தியாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இன்றைக்கு வார்டில் பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு என்றாள். உன்னால்தான் என்றாள். சொன்னால் கேட்கிற ஜாதியா நீங்கள் என்றாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள். சகாதேவன் ஒன்றுக்கும் அசையவில்லை.

அவள் வார்டு வேலை பழகும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை இன்றைக்கே எடுத்தாக வேண்டும், பாதம் தப்பிக்கும் என்றார். இந்தக் காலோடு சேற்றில் இறங்கியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். சகாதேவனை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். அம்மா இன்னும் வந்து சேரவில்லை. மேலே வார்டில் பேர் கூப்பிடும் நேரம். ஆபரேஷனுக்குப் போகப் போகிற மனுஷனை அநாதை மாதிரி விட்டுவிட்டு எப்படிப் போவது? பரீட்சை எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று அவள் மனதில் முடிவு செய்த சமயத்தில், மாலதி மேடம் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார்.

வார்டில் இல்லாமல் இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நோயாளிக்குத் துணையாக உட்கார முடியாது, ஸ்டூடண்டா, துணைக்கு வந்தவளா, ஒன்றைச் சொல் என்றார். ஸ்ட்ரெச்சரைக் காட்டி, இவர் உனக்கு யார் என்றார்.

சந்தியா சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் நேற்றிலிருந்து பேசாமலிருந்த சகாதேவன், முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. வழி கேட்டேன், கையப் புடிச்சி இட்டாந்து உட்டுச்சு. என் வூட்டுக்காரி பின்னாடி பஸ்ல வரா. நீங்க அதை இட்டுனு போங்க."

மேடம் அவரையும் ஸ்ட்ரெச்சரில் செருகியிருந்த பேர்ச் சீட்டையும் பார்த்தார். இவளைப் பார்த்தார். மாடிப்படி பக்கம் நடந்தார். அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, யாரோ மாதிரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். பிறந்ததிலிருந்து சொன்ன ஒரு பேச்சையும் கேட்காத மனுஷன், பஸ்ஸில் கத்தினதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்ய முடியாது. மேடத்தின் பின்னால் படியேறினாள்.

வார்டில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பதிவேட்டில் அப்பா பேரோடு சேர்த்துத்தான் எல்லார் பேரும் இருக்கும், அப்படித்தான் வாசிப்பதும் வழக்கம்.

"சந்தியா சகாதேவன்," என்றார் மாலதி மேடம், தலை நிமிராமல்.

சந்தியா கீழே போகும் படியைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் அடுத்த பேருக்குப் போகாமல், அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தார்.