மிட்டாய் டிரைவரின் பல்வேர்

பேருந்து ஓட்டும்போது கண் சொக்காமல் இருக்க எலுமிச்சை மிட்டாயை அதக்கிக்கொள்வது அவர் வழக்கம். முப்பது வருடப் பழக்கம். டெப்போவில் எல்லோருக்கும் அவர் மிட்டாய் டிரைவர்தான்.

ஐம்பத்தெட்டு வயதில் ஈறு கீழே இறங்கி, கடைவாய்ப் பற்களின் வேர் லேசாக வெளியே தெரிய ஆரம்பித்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று மண்டை வரை ஏறும். யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் மனைவியின் கண்ணுக்குத் தப்ப முடியுமா? ஒன்றுமில்லை என்று மழுப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு வாரமா ஒரு பக்கமாவே மெல்றீங்க?" என்று கேட்டவர், விடுப்பு விண்ணப்பத்தைத் தானே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணாடியைக் கையில் கொடுத்து, கீழ்ப் பல் ஒன்றில் ஈறை ஒட்டியிருந்த பழுப்புக் குழியைக் காட்டினார். மேலே பல்லுக்குக் கெட்டியான எனாமல் உண்டு, வேருக்கு அந்தக் கவசம் இல்லை, மிட்டாயின் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து அதிலுள்ள தாதுவைக் கரைத்துவிட்டன என்று விளக்கினார். பக்கத்துப் பல்லின் வேரும் மெத்தென்று ஆகத் தொடங்கியிருந்தது.

நாற்காலியின் கைப்பிடியை ஸ்டீயரிங்போல் இறுக்கிப் பிடித்திருந்தவர், பிடுங்கப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டார். தேவையில்லை, அடைத்தால் போதும் என்றதும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் ஆசையும் வந்தது: பளபளவென்று முத்துமாதிரி அடைக்க வேண்டுமாம்.

"அது பார்க்க அழகா இருக்கும். உங்களுக்கு நான் போடப்போறது கண்ணாடித் தூள் கலந்த சிமெண்ட். பளபளப்பு கம்மிதான். ஆனா அதுலேர்ந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமா கசியும். பக்கத்து வேர் கரையறதையும் மட்டுப்படுத்தும்."

"அது தீர்ந்துபோச்சுன்னா?"

"ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறப்போ கொஞ்சம் திரும்ப ஏத்திக்கும். ஆனா மிட்டாய் ஓடிட்டே இருந்தா, எந்தச் சிமெண்டும் தனியா காப்பாத்தாது சார்."

சிமெண்டைக் குழைத்துக் குழியில் அப்பிச் சீவ அரை மணிகூட ஆகவில்லை. முத்து கிடைக்காத முகவாட்டத்தோடு வீடு திரும்பினார்.

மிட்டாயை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கண்டக்டர் அந்தப் பையில் பேருந்துச் சீட்டுக் கட்டைத் திணித்து வைத்தார். பயணத்துக்கு நடுவில் தூக்கம் வந்தால், நிறுத்தத்தில் இறங்கிப் பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பயணிகள் டயரைச் சோதிக்கிறார் என்று நினைத்து மெச்சிக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்துப் போனபோது டாக்டர் கொக்கிபோன்ற கருவியால் பக்கத்து வேரைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்றிருந்த இடம் கெட்டிப்பட்டிருந்தது. அடைப்பும் அசையாமல் இருந்தது.

மறு வாரமே, கன்னம் வீங்கியும் வலியை மறைத்துக்கொண்டிருந்த டெப்போ மெக்கானிக்கைக் கையோடு அந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். காத்திருந்த நேரத்தில் வாயைத் திறந்து தன் சிமெண்டைக் காட்டி, "முத்தெல்லாம் கேட்காதப்பா, இதுதான் வேலை செய்யும்" என்றார்.