அவர் உடம்போடுதான் வந்தார்

வாலிநோக்கத்தில் நான் டீச்சராக இருந்த காலம் அது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உப்பளத்தில் வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்று ஓலை வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவதும் நான்தான்.

ஒரு கோடையில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து கூட்டம் நடத்தினார். இனிமையான குரல். முதல் நாள் நானே உருகிப்போனேன். அடுத்த நாள் சொன்னார்: "தேவாதி தேவன் இந்த அழுக்குச் சரீரத்தையா எடுத்திருப்பார்? மனுஷனைப் போலத் தெரிந்தார், அவ்வளவுதான். சிலுவையில் பட்ட வலியும் வெறும் தோற்றம்."

நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'அழுக்கு' என்றதும் அவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"அய்யா, அவரு பச்சப்பிள்ளையா இருந்தப்ப பசிச்சு அழுதாரா இல்லையா?"

"அது நமக்குக் காட்டிய காட்சியம்மா."

"அப்ப செத்ததும் நடிப்புத்தானே? நடிச்சவரு எங்களை எப்படி மீட்பாரு?"

கோயில் மூப்பர், "உக்காரு தாயி" என்று அதட்டினார்.

"உக்கார மாட்டேன். எங்க உடம்பு அழுக்குன்னா, அந்த உடம்பைத்தான் அவரு எடுத்துக்கிட்டாரு. அதை மாத்திச் சொல்ல இவரு யாரு?"

மறுநாள் மூப்பர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இனிமேல் கோயிலில் வேதபாடம் நடத்தக் கூடாது என்றார். என் கணவர் அதிகம் பேசாதவர். "அவ கேக்க மாட்டா. கேக்கவும் நான் விடமாட்டேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்த எங்கள் வீட்டு முற்றத்தில் உட்காரவைத்தேன். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொல்லி, பிறந்தார், பாடுபட்டார், மரித்தார் என்று வரும் இடங்களில் நிறுத்தி, "நெசமாவா?" என்று கேட்டேன். "நெசமா!" என்று கத்தினார்கள். கோயிலுக்குள் கேட்கட்டும் என்றுதான் கத்தவிட்டேன்.

மாதாந்திர ஆராதனைக்கு ராமநாதபுரத்திலிருந்து வந்த குருவானவர் பிரசங்கியாரை நேருக்கு நேர் விசாரித்தார். அவரும் மழுப்பாமல் சொன்னதையே சொன்னார். கூட்டம் அத்துடன் நின்றது. ஆனால் அவரோடு சில குடும்பங்களும் பிரிந்து போயின. என் கூடப்பிறந்த அக்கா குடும்பமும் அதில் ஒன்று.

என் பிரசவத்துக்கு அக்கா வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுதேன்.

"கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தா அக்கா இங்கன இருந்திருப்பாளே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அக்காவுக்காக எதையும் கொடுப்பேன். இதைக் கொடுக்க மாட்டேன்" என்றேன்.