சயனைடு மேட்டில் நின்ற வண்டி

சயனைடு மேட்டின் அடிவாரத்தில் அந்த வண்டி நான்கு இரும்புக் கால்களை ஊன்றி நின்றது. டயர்கள் தரையை விட்டு ஒரு கையளவு எழும்பியிருந்தன. ஏவுகணை இருக்கவேண்டிய நீண்ட குழாயில், அதே எடைக்கு இரும்புத் துண்டுகளை அடைத்திருந்தார்கள். குழாய் மெல்ல நிமிர்ந்தபோது எல்லோரும் மேலே பார்த்தோம். என் அக்காவின் கணவரான மாமா மட்டும் குனிந்து கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அசையவில்லை. நிமிர்ந்து, கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாமா கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பழைய தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில் சிறியதாக ஒரு பட்டறை போட்டவர். கரையில் நின்றபடி கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளை லாரியில் வைத்து ஏவ ஒரு வண்டி உருவாகிக்கொண்டிருந்தது. அதைச் செய்த பெங்களூர் நிறுவனம், ஏவும்போது வண்டியை ஆடாமல் தாங்கும் கால்களை மட்டும் மாதிரிக்கு ஒரு செட் செய்து தரச் சொல்லி மாமாவிடம் கொடுத்தது. கடற்கரைச் சோதனையில் தேறினால் முழு ஆர்டரும் அவருக்கு. விடியலில் ரயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஆட்கள் சிலர், அந்த நம்பிக்கையில் வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தார்கள். "இனிமே அந்த ரயில்ல தொங்க வேணாம்பா. சோறு ஊட்லயே துன்னுங்க," என்று மாமா சொல்லியிருந்தார்.

வேலை ரகசியம் என்றார்கள். ஆனால் ஞாயிறு ஆராதனையில் போதகர், "சகோதரனுடைய கால்களை உறுதிப்படுத்தும் ஆண்டவரே" என்று ஜெபித்தபோது, மாமாவுக்கு மூட்டுவலி என்று சபையில் ஒருவரும் நினைக்கவில்லை.

"இன்னா மொதலாளி, கடலே இல்லாத ஊர்ல கப்பல் ஒடிக்கற வண்டியா?" என்று ஃபிட்டர் சீண்டுவார். அவருக்கு மாமாவைவிட வயது அதிகம், வாயும் அதிகம்.

"கடல் இருந்தா நீ மீன் புடிக்கப் போயிருப்ப. அதான் இங்க குடுத்தாங்க," என்பார் மாமா.

கரைக்குக் கொண்டுபோகும் முன் மணலில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள் என்று நிறுவனம் சொன்னது. எங்கள் ஊரில் மணல் என்றால் சயனைடு மேடுதான். பூமிக்கடியிலிருந்து வந்த பாறையைப் பொடித்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய மிச்சம் அது. அதில் சறுக்கி விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தோம். கடல் பார்க்காத பிள்ளைகளுக்கு, கடற்கரை இப்படித்தான் இருக்கும் என்று அதைத்தான் காட்டுவார்கள். ஆகவே வண்டியை அங்கே நிறுத்தியது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பல ஆண்டு மழையும் வெயிலும் அந்தப் பொடியைச் சுண்ணாம்புத் தளம்போல இறுக்கியிருந்ததை, தினமும் மிதித்து நடந்த எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. வண்டி நின்றது. பிரியாணி செய்து சாப்பிட்டார்கள்.

கடற்கரைச் சோதனைக்கு நான் போகவில்லை. பத்திரிகைக்காரனான என்னை அங்கே விடமாட்டார்கள். மாமாவும் ஃபிட்டரும் தனித்தனியே சொன்னது ஒத்துப்போவதால் எழுதுகிறேன். கால்கள் இறங்கின. வண்டி எழும்பியது. கடல் பக்கத்துப் பின்கால் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போனது. வண்டி சாய, குழாய் பாதியில் தானாக நின்றுவிட்டது. ஃபிட்டரின் அப்பா சுரங்கத்தில் மரத்தால் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். எது சாய்ந்தாலும் அடியில் கட்டை வைப்பது ஊர்ப் பழக்கம். ஃபிட்டர் ஓடிப்போய் ஒரு மரக்கட்டையைத் தூக்கி வந்து காலுக்கடியில் செருகினார். வண்டி நேராகிவிட்டது. அங்கிருந்த அதிகாரி திட்டவில்லை. ஏவியதும் இடம் மாறிவிட வேண்டும், கட்டை தேடும் நேரத்தில் எதிரி பதிலுக்கு அடித்துவிடுவான் என்று மட்டும் சொன்னாராம். பிறகு தேநீர் கொடுத்தாராம்.

கால்களின் பாதத்தை அகலமாக்கி மாமா வரைந்து அனுப்பினார். வெகுநாள் பதில் இல்லை. கடைசியில் வேலையைப் பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகப் பழைய ரயிலுக்குத் திரும்பினார்கள். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் மாமாவுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும் என்று அக்கா சொல்கிறாள்.

போன மாதம் மாமாவிடம் என் கைப்பேசியில் ஒரு செய்திக் காட்சியைக் காட்டினேன். வண்டி கடற்கரையில் நின்றது. குழாய் முழுதாக நிமிர்ந்தது. மாமா படத்தை நிறுத்திப் பெரிதாக்கி, கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். "பாதம் பெருசா போட்டுக்கிறான். நல்லா நிக்குது," என்றார். அதில் கசப்பு இருந்ததா என்று கவனித்தேன். களைப்புதான் இருந்தது.

பட்டறையைப் பூட்டிவிட்டு இப்போது அவரும் பெங்களூரில் ஒரு தொழிற்கூடத்துக்கு மேற்பார்வை வேலைக்குப் போகிறார். சென்ற வாரம் அதே ரயிலில் நானும் போனேன். புறப்படும் நிலையமான மாரிகுப்பத்திலேயே ஃபிட்டர் ஏறி, ஜன்னலோர இருக்கையில் துண்டு போட்டுவைத்திருந்தார். சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் ஏறியதும் துண்டை எடுத்து உதறினார்.

"வாங்க மொதலாளி, குந்துங்க."

"இன்னாத்துக்குபா இதெல்லாம்? நீ குந்து."

"நான் முப்பது வருசமா இதுல போறேன். நீங்க புதுசு. நின்னா ஆடிடுவீங்க."

சுற்றி நின்ற பழைய பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பங்காருப்பேட்டை தாண்டும்வரை யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எதுவும் கண்ணில் படும் அளவுக்கு இன்னும் விடிந்திருக்கவில்லை.