ஒருவேளை முசே

“என் பேனாவுலேர்ந்து சந்தேகமில்லாத இங்கிலீஷ் வாக்கியம் ஒண்ணே ஒண்ணு வந்திச்சின்னா, அன்னைக்கே அந்தப் பேனாவ அரசலாத்துல வீசிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

1971ஆம் ஆண்டு, காரைக்கால் டீக்கடை ஒன்றில், பதினோரு சாட்சிகள் முன்னிலையில் மனு எழுதும் பிலோமின்ராஜ் இப்படி அறிவித்தார். சாட்சிகளில் ஒன்பது பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. மற்ற இருவரும் அவருடைய இங்கிலீஷைப் படித்தவர்கள். ஆகவே பதினோரு பேரும் நம்பினார்கள்.

இந்தச் சபதத்தின் பெருமை விளங்க வேண்டுமானால் அவருடைய கல்வி வரலாற்றைச் சற்றே சொல்லியாக வேண்டும். பிலோமின்ராஜ் பிறந்தபோது ஊர் பிரெஞ்சுக்காரர்களுடையது. அவர் படித்தது பிரெஞ்சு. கோர்ட்டில் நகல் எழுதியது பிரெஞ்சு. தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்டதும் பிரெஞ்சு. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். அவர் விடுப்பு முடிந்து ஆபீசுக்குத் திரும்பியபோது தம்முடைய நாற்காலியில் இங்கிலீஷ் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

அவர் கலங்கவில்லை. மாதாகோயில் கிடங்கிலிருந்து, எலிகள் மிச்சம் வைத்திருந்த இரண்டு இங்கிலீஷ் கதைப் புத்தகங்களை வாங்கிவந்தார். அட்டை இல்லை. முதல் நாற்பது பக்கங்களும் இல்லை. எந்தக் காலத்தில் எழுதியவை என்று சொல்ல எலிகளைத் தவிர யாருமில்லை. அந்தப் புத்தகங்களில் வந்த துரைமார்களும் துரைசானிகளும் எதையும் நேராகச் சொல்வதே கிடையாது. மழை கொட்டும்போது, ‘மீதிங்ஸ், மழை பெய்கிறது’ என்பார்கள். அதாவது, பெய்வதாக எனக்குப் படுகிறது. வண்டி வாசலில் வந்து நின்றால், ‘பெர்ச்சான்ஸ், வண்டி வந்துவிட்டது.’ இதைத் தவிர ‘பெராட்வென்ச்சர்’ இருந்தது, ‘ஹாப்லி’ இருந்தது, ‘பிலைக்’ இருந்தது. ஐந்துக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான்: ஒருவேளை. அந்த ஏறத்தாழவில்தான் இங்கிலீஷின் உயிர் இருக்கிறது என்று பிலோமின்ராஜ் முடிவு செய்தார். நிச்சயமாகப் பேசுபவன் போலீஸ்காரன், சந்தேகமாகப் பேசுபவனே சீமான் என்பது அவர் கண்ட சித்தாந்தம்.

ஆபீஸ் அவரை ஐந்து வருடம் சகித்துக்கொண்டது. பிறகு அவர் ஆபீசுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு மனு எழுத உட்கார்ந்தார். பிரெஞ்சுக் காலத்து மரியாதையில் ஊர் அவரை முசே என்றது. கொஞ்ச நாளில் ஒருவேளை முசே என்றது.

முத்தையன் என்பவர் தம் மகனைப் பள்ளியில் சேர்க்க அவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பம், ‘இந்தச் சிறுவன், பிலைக், என் மகன்’ என்று தொடங்கியது. தலைமையாசிரியர் முத்தையனை உட்காரச் சொல்லி, முதலில் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். ஆனாலும் மேசைக்கு முன் கூட்டம் குறையவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய குடித்தனக்காரர்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். அவர் எழுதிய பதில் என்ன சொல்கிறது என்று எதிராளியின் வக்கீல் கண்டுபிடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும்.

வீட்டிலும் அவர் கொள்கை தவறவில்லை. மனைவி ஜெயமேரி சோற்றைப் போட்டுவிட்டு, “கொழம்பு எப்புடிங்க இருக்கு?” என்பார்.

“நல்லா இருக்கறதா படுது.”

“படுதா? தின்ன வாய்க்கே தெரியலன்னா எதுத்த வீட்டுக்காரங்கள கூப்புட்டுக் கேக்கவா?”

இப்படியாக, நவம்பர் 1977 வரை அவருடைய சந்தேகங்களால் ஒருவருக்கும் பெரிய நஷ்டமில்லை.

அந்த மாதப் புயலில் பட்டினச்சேரி மீனவர் காத்தமுத்து கட்டுமரத்தோடு திரும்பி வரவில்லை. நான்கு நாள் கழித்துக் கீழவாஞ்சூர் கரையில் ஒரு துடுப்பு ஒதுங்கியது. அது காத்தமுத்துவின் துடுப்புதான் என்று கிராமமே சொன்னது. இல்லை என்றாள் அவர் மனைவி அல்லி.

புயலில் ஆளை இழந்த குடும்பங்களுக்கு ஓட்டு வீடு கட்டித் தருவதாக அறிவிப்பு வந்தது. அல்லிக்கு வீடு வேண்டும். புருஷனின் அண்ணன் கருப்பையன், தன் குடிசையை ஒட்டிய சாய்ப்பில்தான் அவளை இருக்கவிட்டிருந்தார். வீட்டுக்குச் சாவுச் சான்று வேண்டும். சான்றுக்கு மனு வேண்டும். அவள் வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

“எல்லாம் எழுதுங்கய்யா. ஆனா செத்துட்டாருன்னு மட்டும் போட்டுடாதீங்க.”

“அது போடாம எப்புடிம்மா சாவு சர்ட்டிபிகேட் குடுப்பான்?”

“நான் பாக்கலீங்களே. பாக்காதத எப்புடிய்யா நான் சொல்லுவேன்? நாளைக்கு அந்த மனுசன் வந்து நின்னா, ஏன்டி என்னைக் கொன்னன்னு கேக்க மாட்டாரா?”

பிலோமின்ராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடமாக எந்த வாடிக்கையாளருக்காகத் தம் இங்கிலீஷைத் தீட்டி வைத்திருந்தாரோ, அந்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். ‘மீதிங்ஸ், என் கணவர், பெர்ச்சான்ஸ், கடலில் இறந்தார்’ என்று எழுதிவிட்டு, அதன் அழகை இரண்டு முறை படித்துப் பார்த்தார். நகல் ஒன்றை அவளிடமும் கொடுத்தார்.

கருமாதி செய்யச் சொல்லி நச்சரித்த கருப்பையனிடம் அல்லி அந்த நகலைத்தான் நீட்டினாள். அவர் அதை வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார். “ஒருவேளைன்னுதான் போட்டிருக்கு” என்று வாத்தியார் சொல்லிவிட்டார். இங்கிலீஷில் எழுதியிருப்பதை மீறிக் கருமாதி செய்யக் கருப்பையனுக்குத் துணிவு வரவில்லை. அல்லியின் நெற்றியில் பொட்டு இருந்தது.

ஆபீசுக்கு அந்தத் துணிவு இருந்தது. குமாஸ்தா தியாகராசன் மனுவைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரு வரி: ‘இறந்தாரா, இல்லையா? தெளிவாகக் கூறவும்.’ 1980இல் இரண்டாவது மனு போனது. அதில் ‘பெராட்வென்ச்சர்’ இருந்தது. அதே ஓரம், அதே வரி. அதற்குள் வீடுகள் அஸ்திவார மட்டத்துக்கு வந்திருந்தன. அரசாங்கமும் தன் பாணியில் ஒருவேளைதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அதை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

1984 தொடக்கத்தில் தியாகராசனே மரத்தடிக்கு வந்தார். “முசே, ஓடு போட்டாச்சு. அடுத்த மாசம் பட்டியல மூடறாங்க. ஒரே ஒரு வரி நேரா எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“நேரா எழுத ஆயிரம் பேர் இருக்கான் தம்பி.”

“அப்ப அவங்கள்ல ஒருத்தர்ட்டயாவது அந்தப் பொம்பளைய அனுப்புங்க.”

இந்தச் சொல் பிலோமின்ராஜை எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. மாதம் முழுவதும் உழைத்து, ஐந்து சொற்களையும் ஒரே வாக்கியத்தில் கோத்து, மூன்றாவது மனுவைத் தயாரித்தார். டெல்டாக் கடற்கரையில் அப்படியொரு வாக்கியம் அதற்கு முன் எழுதப்பட்டதில்லை. இனியும் எழுதப்படாது என்று நம்பலாம். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “பட்டியல நேத்தே மூடிட்டாங்க முசே” என்றார் தியாகராசன். ஆனாலும் வாக்கியத்தை முழுக்கப் படித்தார். படித்து முடித்ததும் எழுந்து நின்று, மனுவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

நவம்பரில் அல்லி வந்தாள். மழை விட்டு, மரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து எல்லாருக்கும் சாவி குடுத்தாங்கய்யா. பாத்துட்டு வந்தேன். நல்லாத்தான் கட்டியிருக்கான்.”

“நான் மொதல்லயே நேரா எழுதியிருந்தா…” என்று ஆரம்பித்த பிலோமின்ராஜ் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

“நீங்க என்ன பண்ணுவீங்க. நான்தான போடாதீங்கன்னேன்.” அவள் தலைப்பால் மேசையில் விழுந்த சொட்டுகளைத் துடைத்தாள். “இப்பப் போடுங்க.”

“இப்ப எதுக்கும்மா? வீடுதான் போயிடுச்சே.”

“வீட்டுக்கு இல்லீங்க. மூத்தாரு சாய்ப்பப் பிரிக்கறாரு. திருநள்ளாத்துல ஒரு லாட்ஜில பாத்திரம் கழுவப் போறேன். அங்க மேனேசரு கேப்பாரு, புருசன் எங்கன்னு. ஏழு வருசமா ஒருவேள ஒருவேளன்னு சொல்லி வாய் வலிக்குதுங்க. தாளா இருந்தா நீட்டிட்டுப் பேசாம இருந்துக்கலாம்.”

பிலோமின்ராஜ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனா பழக்கத்தில் ‘எம்’ எழுதிவிட்டு நின்றது. ‘மீதிங்ஸ்’ தொடங்குவது அந்த எழுத்தில்தான்; என்னுடைய என்று பொருள்படும் ‘மை’ தொடங்குவதும் அதில்தான். வெகுநேரம் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதி முடித்தார். இங்கிலீஷில் மொத்தம் நாலே சொல்.

“படிங்கய்யா.”

“என் கணவர் இறந்துவிட்டார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா.”

அவள் கைநாட்டு வைத்தாள். மை காயும்வரை தாளை ஊதிக்கொண்டிருந்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “வர்றேங்க” என்று சொல்லிவிட்டுத் திருநள்ளாறு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

சாயங்காலம் பிலோமின்ராஜ் வழக்கம்போல் அரசலாற்றுப் பாலத்தின் வழியாக வீட்டுக்குப் போனார். ஆற்றில் புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்றார். மறுநாள் காலை முத்தையனுக்கு ஒரு மனு எழுதவேண்டியிருந்தது. சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு மேலே நடந்தார்.