செக்கிங் சார் போட்ட மூன்று நட்சத்திரம்

செக்கிங் சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்திலும் மின்சார பில்லிலும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி தெருவுக்கும் மருந்துக்கடைக்கும் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் அவர் செக்கிங் சார்தான். சீலிங் ஃபேன் செய்யும் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவருடையது. முப்பத்தொரு வருடம் அந்த மேஜையைத் தாண்டாமல் ஒரு ஃபேனும் லாரி ஏறியதில்லை. ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார், இறக்கையின் ஆட்டத்தை அளப்பார், பெயின்ட் மேல் விரலை ஓட்டுவார். பிறகு பதிவேட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். ஏழு வந்தால் வட்ட ஸ்டிக்கர். ஆறு வந்தால் கழுத்தில் சிவப்பு அட்டை கட்டி, வந்த மேஜைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். எட்டு அபூர்வம். ஒன்பது இரண்டே தடவை போட்டிருக்கிறார். அதில் ஒன்றில் கொஞ்சம் தாராளமாகிவிட்டோமோ என்று இன்றைக்கும் அவருக்குச் சந்தேகம் உண்டு. பத்து போட்டதே இல்லை.

அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு "பரவாயில்லை". மகள் கல்லூரியில் முதலாவதாக வந்து போன் செய்தபோது அதைத்தான் சொன்னார். மகள் போனை வைத்துவிட்டு அழ, அம்மா திரும்பக் கூப்பிட்டு, "அப்பா சந்தோஷம் தாங்காம சொல்லிட்டாருடி" என்று விளக்கவுரை சொல்ல வேண்டியதாயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு மனிதர் காலையில் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தை மேஜையாக்கிக்கொண்டார். மனைவி காய் நறுக்குவார், இவர் தீர்ப்புச் சொல்வார். உள்ளே என்ன இருக்கிறதென்று தானே சொல்லும் ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறதாம். "கதவைத் திறந்தா தெரியாதா? அதுக்குத்தானே கதவு வெச்சான்?" பல் தேய்த்த விவரத்தைப் போனுக்கு அனுப்பும் பிரஷ் வந்திருக்கிறதாம். "அனுப்பி? எங்க, ஆ காட்டுன்னு போன் கேக்குமா?" மனைவியின் தம்பி மடிக்கிற போன் ஒன்றை வாங்கிவந்து பெருமையாக நீட்டியபோது, சார் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "முன்னெல்லாம் கண்ணாடி நடுவுல கோடு விழுந்தா கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவோம் மாப்ளே. இப்ப அந்தக் கோட்டுக்குத் தனி விலையா?" மச்சினர் அதற்குப் பிறகு மூன்று மாதம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த மூன்று மாதத்தைப் பற்றிக் கேட்டால் பரவாயில்லை என்பார் சார்.

ஆனால் ஒரு கண்டுபிடிப்பை மட்டும் அவர் குறை சொன்னதில்லை. எதை வாங்கினாலும் ஐந்து நட்சத்திரத்தை வரிசையாகக் காட்டி, எத்தனை என்று கேட்கிறதே, அதை. உலகம் கடைசியில் தன் மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டதென்று நினைத்தார். நகவெட்டிக்கு அரைப் பக்கம் எழுதினார். பிளாஸ்டிக் வாளிக்கு எழுதியது இது: "நான்கு மாதமாகப் பயன்படுத்துகிறேன். தண்ணீர் நிற்கிறது. கைப்பிடி கையை அறுக்கிறது. மூடி இல்லை, இருப்பதாகச் சொல்லவும் இல்லை. மூன்று நட்சத்திரம்." இந்தக் கருத்து உதவியாக இருந்ததாக நானூற்றுச் சொச்சம் பேர் தெரிவித்திருந்தார்கள். மனைவியிடம் அந்த எண்ணைக் காட்டினார். "வாளியில தண்ணி நிக்கும்னு தெரியாம இத்தனை பேரா இருந்தாங்க?" என்றார் மனைவி.

அந்த அம்மாவின் வழி வேறு. யார் வந்தாலும், எது வந்தாலும், கண்ணாடி கூடப் போடாமல் ஐந்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். சாருக்கு அது பார்க்கவே பொறுக்காது.

"படிக்காமலே பேப்பர் திருத்தறியே, நியாயமா?"

"அஞ்சு போட்டா குடியா முழுகிப் போயிடும்?"

இப்படி இருந்த வீட்டில் ஒரு நாள் துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியே விடமாட்டேனென்று நின்றுவிட்டது. சார் தன் போனில் பழுது பார்க்கும் ஆப் வழியாக ஆளைக் கூப்பிட்டார். வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். காதோரம் நரை, நீலச் சட்டை, தோளில் கருவிப் பை. சொன்ன நேரத்துக்கு ஏழு நிமிடம் கழித்து வந்தார். அதைத் தவிரக் குறை கண்டுபிடிக்க சார் தலைகீழாக நின்று பார்த்தும் முடியவில்லை. மெக்கானிக் முதலில் தரையில் துணி விரித்தார். கழற்றிய திருகுகளை ஒரு டப்பா மூடியில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். பம்புக்குள் மாட்டியிருந்த சட்டைப் பொத்தானை எடுத்து, கழுவி, மனைவியின் கையில் கொடுத்தார். இயந்திரத்துக்கு அடியில் பல வருட அழுக்கு இருந்தது. அதையும் யாரும் கேட்காமலே துடைத்தார். சார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமான ஒன்றரை மணி நேரம் அவருக்கு வாய்த்ததில்லை.

மெக்கானிக் படியிறங்கியதும், "பரவாயில்லை" என்றார். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

பிறகு போனை எடுத்தார். வேலைக்குப் பத்துக்கு எட்டு. தாமதத்துக்கு ஒன்று போனால் ஏழு. ஐந்தாக்கினால் மூன்றரை. அரை நட்சத்திரம் போட ஆப்பில் வழியில்லை. சந்தேகம் வந்தால் கீழே இறக்கு என்பது கடைசி மேஜையின் சட்டம். மூன்று போட்டார். "சுத்தமான வேலை. திருகுகளை வரிசையாக வைக்கும் ஆள் இந்தக் காலத்தில் அபூர்வம். ஏழு நிமிடம் தாமதம்" என்று எழுதி, ஒரு நல்ல மனிதருக்கு நற்சான்று கொடுத்த திருப்தியோடு தூங்கப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து, சாயங்காலம், அதே மெக்கானிக் வாசலில் நின்றார். நீலச் சட்டை இல்லை, பை இல்லை.

"உள்ள வாங்க தம்பி. மெஷின் நல்லா ஓடுது."

"தெரியும் சார். நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

சாருக்குப் புரியவில்லை. மெக்கானிக் தன் போனை எடுத்து நீட்டினார். கடைசி முப்பது வேலைகளின் சராசரி நாலரைக்குக் கீழே போனால் ஆப் புது வேலை கொடுக்காதாம். இவருடையது நாலு புள்ளி நாலு ஏழு. பன்னிரண்டு நாளாக ஒரு வேலையும் இல்லை. மாதம் முடிவதற்குள் மேலே வராவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

"அதுக்கும் எனக்கும் என்ன தம்பி? நான் நல்லதுதானே போட்டேன். மூணு!"

"மூணுன்னா எங்களுக்குப் பூஜ்யம் சார்."

"அப்ப நாலு?"

"நாலு போட்டா ஆபீஸ்லேர்ந்து போன் வரும். என்ன தகராறுன்னு கேப்பாங்க."

"அப்ப அஞ்சு போட்டா?"

"அஞ்சு போட்டா ஒண்ணும் ஆகாது சார். அதுதான் சாதாரணம்."

சார் எழுந்து நின்றுவிட்டார். "எல்லாருக்கும் முழு மார்க்னா அது பரிட்சையா? அதுக்கு எதுக்கு அஞ்சு நட்சத்திரம்? ஒரே ஒரு பட்டன் வெச்சிட்டுப் போறதுதானே!"

"என்கிட்ட கேட்டா சார்?" என்றார் மெக்கானிக். கோபமாகச் சொல்லவில்லை. மனைவி கொண்டுவந்த டீயைக்கூடக் குடிக்காமல், தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

செக்கிங் சாருக்கு வெட்கமாக இருந்தது. அவர் எத்தனையோ ஆயிரம் ஃபேனைத் திருப்பி அனுப்பியவர். ஆனால் திரும்பிப் போன ஃபேனுக்குப் போக ஒரு மேஜை இருந்தது. அங்கே யாராவது அதைச் சரிசெய்து மறுநாள் அனுப்புவார்கள். இந்த மனிதரை அவர் எங்கே திருப்பி அனுப்பினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ஆப்பைத் திறந்தார். போட்ட மார்க்கை மாற்ற இரண்டு நாள்தான் அவகாசமாம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். ஒன்றை அழுத்தச் சொன்னது, நாலை அழுத்தச் சொன்னது, நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டது. கடைசியில் ஒரு பெண் வந்து, மாற்ற முடியாது சார், சிஸ்டம் விடாது என்றார். சார் வாதாடினார். அந்தப் பெண்ணும் பொறுமையாக நாலு தடவை அதையே சொன்னார். போனை வைத்ததும் செய்தி வந்தது: எங்கள் பணியாளரின் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்? வேறு நாளாக இருந்தால் யோசிக்காமல் இரண்டு போட்டிருப்பார். இப்போது விரல் திரைக்கு மேலேயே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் மனைவிதான். ஆப்பின் அடியில், 'முன்பு வந்தவரையே அனுப்பவும்' என்று ஒரு பொடி எழுத்து வரி இருந்தது. புது வேலைதான் தரமாட்டார்கள், பழைய வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்டால் அனுப்புவார்கள்.

"கூப்பிடுங்க. வரட்டும். அஞ்சு போடுங்க. முடிஞ்சுது."

"எதுக்குன்னு கூப்பிடறது? எதுவும் ரிப்பேர் இல்லையே."

"ஏதாவது சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

அன்று பகல் முழுக்க ஒரு நிஜமான கோளாறுக்காக சார் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார். ஃப்ரிட்ஜ் குளிர்ந்தது. மிக்ஸி ஓடியது. ஃபேன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை பார்த்துத் துடைத்து வைத்திருப்பவர் அவர்தானே. கண்ணில் பட்டதிலெல்லாம் குறை கண்டவருக்கு, தேவைப்பட்டபோது தன் வீட்டில் ஒன்றுகூட அகப்படவில்லை. மனைவி சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் திருப்புளியை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பின்னால் போனார். குழாயிலிருந்து தண்ணீர் வரும் ரப்பர் பைப்பை ஒரு கிளிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு பொருளைக் கெடுத்திருக்கிறார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

"இப்ப லீக் நிஜம்" என்று சொல்லிவிட்டு ஆப்பில் எழுதினார்.

மறுநாள் மெக்கானிக் நீலச் சட்டையோடு வந்தார், சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னதாக. குனிந்தார், கிளிப்பைப் பார்த்தார், நிமிர்ந்து சாரைப் பார்த்தார்.

"சார், இது தானா கழண்டது இல்ல."

"லீக் ஆகுதா இல்லையா?"

"ஆகுது."

"அப்ப வேலையைப் பாருங்க தம்பி."

மெக்கானிக் மறுபடி குனிந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வேலை செய்தார். மூன்று நிமிடம்தான். தண்ணீர் நின்றது. ஆனால் அன்று அவருக்குக் கை நிதானத்தில் இல்லை. கிளிப் ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சொட்டாது, ஒரு வருடத்துக்கு ஒன்றும் ஆகாது. வேறு யார் கண்ணிலும் படாது. சார் கண்ணில் பட்டது. தொழிற்சாலையாக இருந்தால் ஆறு, சிவப்பு அட்டை.

ஆப் கேட்டது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் பழக்கமான இடம் வரை போய் நின்றது. மனைவி கதவோரம் நின்றார். சார் நாலைத் தாண்டி ஐந்தை அழுத்தினார். பத்துக்குப் பத்து.

மெக்கானிக்கின் போன் சிணுங்கியது. "நாலரை வந்திடுச்சு சார்!" என்றார். கையோடு தன் போனிலும் எதையோ தட்டிவிட்டுப் பையைத் தூக்கினார்.

"அது என்ன தட்டினீங்க?"

"நாங்களும் கஸ்டமருக்கு நட்சத்திரம் போடணும் சார்."

"எனக்கா? எத்தனை?"

"அஞ்சு."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் அஞ்சுதான். நீங்க போடறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

"எதைப் பார்த்துப் போட்டீங்க?"

மெக்கானிக் செருப்பை மாட்டினார். "உக்காந்து முழுசா வேலையப் பார்த்தீங்க சார். அப்படி யாரும் பார்க்கறதில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சார் கதவைச் சாத்தினார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பின்னால் போய் முழங்காலிட்டார்.

"மறுபடியும் என்ன பண்றீங்க?" என்றார் மனைவி.

"அஞ்சு போட்டிருக்கேன். அது அஞ்சா இருக்க வேண்டாமா?"

கிளிப்பைத் தளர்த்தி, நேராக்கி, இறுக்கினார். வியர்த்துவிட்டது. எழுந்து, டார்ச்சை மனைவியிடம் கொடுத்தார். "நீ ஒருதடவை பாரேன்."

மனைவி போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். சிரமப்பட்டுக் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிச்சம் அடித்து, கிளிப்பின் மேல் விரலை ஓட்டி, நிதானமாகப் பார்த்தார். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்லை" என்றார் மனைவி.