பொங்கல் தின்ற மாடு

அன்னவாசல் பக்கம் எங்கள் ஊரில், மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டாமல் யாரும் பொங்கலைத் தொட மாட்டார்கள். போன வருடம் அப்படி ஆளாளுக்கு ஊட்டியதில்தான் எங்கள் பசு செத்தது. சோறு அளவுக்கு மீறினால் மாட்டின் வயிறு புளித்து உயிரே போய்விடும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். பாத்திரம் நிறையப் பொங்கலோடு வந்திருந்த என் நாத்தனார்தான் உடனே என் கண்ணில் நின்றாள். அதன்பின் அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பசு விட்டுப்போன கிடேரி இப்போது சினை. இதையும் பறிகொடுக்க நான் தயாராக இல்லை. டாக்டரிடம் கேட்டு, பெரிய மாத்திரை மாதிரி ஒரு சென்சாரை அதன் தொண்டை வழியாக இறக்கினோம். அது வயிற்றுக்குள்ளேயே தங்கி, புளிப்பு ஏறினால் என் போனுக்குத் தகவல் அனுப்பும். "மாட்டு வயித்துல டவர் வச்சிருக்கா" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

இந்த வருடம் காலையிலேயே கொட்டகைப் படலைச் சாத்தி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். திருக்கோகர்ணத்திலிருந்து நாத்தனார் வந்தாள்.

"ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாதா அண்ணி?"

"கூடாது. வேணும்னா வைக்கோல் போட்டுட்டுப் போங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எனக்கு இரக்கமே வரவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அலறியது. புளிப்பு ஏறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், மாடு அசைபோடாமல் தலையைத் தொங்கவிட்டு நிற்கிறது. பின்பக்கத் தட்டியோரம் காலி வாளியும் கையுமாக என் கணவர்.

"நல்ல நாளும் அதுவுமா, அதுக்கு இல்லைன்னு சொல்ல மனசு வரல. காலையிலேயே பின்பக்கமா வச்சுட்டேன்."

திட்ட நேரமில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வந்து சேர்வதற்குள், அவர் சொன்னபடி ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். வைக்கோலைத் தவிர வேறெதையும் கிட்டே வைக்கவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். போனைப் பார்ப்பதும் மாட்டின் வாயைப் பார்ப்பதுமாகவே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அதன் தாடை மெல்ல அசைந்தது. அழுதுவிட்டேன்.

கணவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"போன வருசமும் எல்லாரும் போன பெறகு நான் ஒரு வாளி வச்சேன். தங்கச்சி ஊட்டுனது ஒரு உருண்டைதான்."

நாத்தனார் நம்பரைப் போட்டுப் போனை அவர் கையில் திணித்தேன்.

"இதை அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு என்கிட்ட கொடுங்க."