பொழுது விழுவதற்குள் எடுக்கிற துணி

இந்த ஊரில் மார்கழி மாதம் மதியச் சோறு தின்ற தட்டைக் கழுவி வைப்பதற்குள் பொழுது விழுந்துவிடுகிறது. கடிகாரத்தைப் பார்த்தால் மூன்றரை. எங்கள் ஊரான ஏற்காட்டில் அந்நேரத்துக்குப் பள்ளிக்கூடம்கூட விட்டிருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிற இந்தக் கடலோர ஊருக்கு வந்து இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். போன வருஷம் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. இந்த வருஷம் கையில் குழந்தை இருக்கிறாள். மணி மூன்றானதும் ஜன்னலில் போய் நின்றுவிடுவேன். கீழே கொல்லைக் கொடியில் அவளுடைய மூத்திரத்துணிகள் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும்.

கடையில் விற்கிற டயப்பர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. என் வீட்டுக்காரர் ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். சீசன் முடிந்ததும் வேலை நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். பிரசவத்துக்கு முன்பே அம்மா, இறந்துபோன அப்பாவின் பழைய வேட்டிகளையும் தன் நூல்சேலைகளையும் கிழித்து, ஓரம் தைத்து, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் பிள்ளையின் தோலுக்கு ஆகும். முக்கோணமாக மடித்து இடுப்பில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான் காரியம். எதிர்வீட்டு அம்மாள் கொடியில் தினமும் வெள்ளைத்துணி தொங்குவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் தயங்கித் தயங்கி, "உங்கள் வீட்டில் யாருக்காவது ஆறாத புண் இருக்கிறதா?" என்று கேட்டாள். "பேபி, பேபி" என்றேன். குழந்தைக்குத்தான் புண் என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாள் களிம்பு வாங்கி வந்து கொடுத்தாள். பாவம், நல்ல மனுஷி.

எங்கள் பக்கத்தில் பொழுது விழுந்த பிறகு பிள்ளைத்துணி வெளியே கிடக்கக் கூடாது. கூடு திரும்புகிற பறவை அதன் மேலே பறந்துவிட்டால் பட்சி தோஷம்; அந்தத் துணியைக் கட்டின பிள்ளைக்கு மூச்சு இழுக்கும் என்பார்கள். படித்தவள்தானே நீ, இதையெல்லாம் நம்புகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். சேலத்தில் பி.காம். படித்தேன், வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் வீட்டில் இதனால் ஒரு சாவே விழுந்திருக்கிறது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். தவழ ஆரம்பித்திருந்தானாம். அம்மாவும் அப்பாவும் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். தொழிலாளர் லைனில் ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. பழம் பறிக்கிற காலத்தில் மூடுபனி கலைந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாள் முழுக்க வெயிலே கிடையாது. பறித்த காப்பி காய்வதற்குச் சிமென்டுக் களம் இருந்தது. பனி இறங்கினால் மூடத் தார்ப்பாய் இருந்தது, கிளறிவிட ஆள் இருந்தது. அம்மா ஒருநாள் அந்தக் களத்து ஓரத்தில் பிள்ளைத்துணி நாலை விரித்திருக்கிறாள். கணக்கு எழுதுகிற ரைட்டர் அதைக் காலால் தள்ளிவிட்டு, "ஏம்மா, காப்பி குடிக்கறவனுக்கு மூத்திர வாசம் அடிக்கோணுமா?" என்றாராம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு மழை நாளில் அறைக்குள்ளும், மழை விட்டால் முள்வேலியிலும்தான் காயப்போட்டாள். ஒரு நாள் பழம் எடை போட நேரமாகி, இருட்டின பிறகுதான் வந்து துணியை எடுத்தாள். அன்று ராத்திரியே அண்ணனுக்கு இழுப்பு கண்டது. விடிந்துதான் ஜீப் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரம் வருவதற்குள் அம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டான். துணிமேல் பட்சி பறந்துபோச்சு என்று லைனே சொன்னது. நான் பிறந்த பிறகு, மணி மூன்றானால் அம்மா பறிப்பை விட்டு ஓடிவந்து துணிகளை உள்ளே வாரிப்போடுவாள். கூலியைப் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று இருந்தாள். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவாள். அந்தப் புகையிலும் ஈரத்திலும்தான் நான் இருமிக்கொண்டே வளர்ந்தேன்.

இங்கே நானும் அதையே செய்தேன். மூன்று மணிக்குத் துணிகளை வாரிக்கொண்டு மாடியேறுவேன். ஹீட்டரை ஏற்றினால் பில் எகிறும். அதைக் குறைத்து வைத்து, ஜன்னலை இறுக்கிச் சாத்தி, அறை முழுக்கக் கயிறு கட்டினேன். சுவரில் கறுப்பாகப் பூசணம் ஏறியது. குழந்தையைப் பார்க்க வருகிற ஹெல்த் விசிட்டர் அதைப் பார்த்துவிட்டு, வெளியே காயப்போடலாமே என்றாள். இருட்டினால் பறவை மேலே பறக்கும் என்றேன். "ஓ, இந்தக் கடற்காகங்களா! அதுகள் பண்ணுகிற அசிங்கம் இருக்கிறதே! இன்னொரு தடவை அலசிவிடுங்கள், போய்விடும்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

கொஞ்ச நாளில் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாத் தோல் உள்ளே உள்ளே போனது. நல்லவேளை, ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது. ஐயோ, அந்தச் சின்ன மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்து ஒட்டினார்களே! அம்மா ஜீப்பில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வீட்டைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டார். ஈரம் கோத்த அறை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது, துணியை இனி உள்ளே காயப்போடாதீர்கள், இந்த ஊர்க் காற்றில் இருட்டிலும் காயும் என்றார். எங்கள் மலைச்சாமி சேர்வராயன் புண்ணியம், பிழைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். நல்ல சேதி சொல்கிற நினைப்பு எனக்கு.

"அம்மா, அண்ணனுக்குப் பட்சியும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க. ஈரத்துல நெஞ்சு கட்டியிருக்குமுங்க. நீங்க துணிய வெளிய உட்டதால ஒண்ணும் ஆகலீங்க."

அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பிடின்னா, அந்த மழைக்காலம் பூரா ஊட்டுக்குள்ளயே காயப்போட்டவளும் நான்தானே கண்ணு?"

இத்தனை வருஷமாக ஒரு சாயங்காலத்தைச் சுமந்துகொண்டிருந்தவள் தலையில் ஒரு மழைக்காலத்தையே ஏற்றிவிட்டேனே! களமும் தார்ப்பாயும் வைத்துக்கொண்டு, ஆட்களை ஜன்னல் இல்லாத அறையில் அடைத்தவர்களை ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பாவி நான், சட்டென்று பேச்சை மாற்றினேன்.

"டாக்டரு என்னமோ சொன்னாருங்க. நம்மூரு பட்சியப் பத்தி அவருக்கு என்னங்க தெரியும்?"

"அதான பாத்தேன்" என்றாள் அம்மா. குரலுக்கு உயிர் வந்துவிட்டது. "நொம்ப சாக்கிரதையா இரு சாமி."

இப்போதெல்லாம் துணி ராத்திரியும் வெளியில்தான் கிடக்கிறது. ஆனாலும் மூன்றரைக்கு முன்னால் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே போகிறேன். அப்பாவின் வேட்டிக் கரை வைத்த ஒரே ஒரு துணியை மட்டும் கொடியிலிருந்து கழற்றுகிறேன். மேலே வரவும் அம்மாவின் போன் வரும். ஊரில் அவள் படுக்கப்போகிற நேரம் அது.

"பொழுதோட துணி எடுத்துட்டியா கண்ணு?"

"எடுத்துட்டனுங்கம்மா."

பிள்ளை சத்தமில்லாமல் மூச்சுவிட்டுத் தூங்குகிறாள். என் கையில் அந்த ஒரு துணி சில்லென்று இருக்கிறது. மற்றதெல்லாம் கீழே இருட்டில் ஆடிக்கொண்டிருக்க, அவற்றின் மேலே ஒரு கடற்காகம் கத்திக்கொண்டு போகிறது.